புண்ணாக்குத் தின்ற மீன்

கண்ணு,

இந்தக் கடிதத்தைப் பிரிக்கிற நேரத்தில் உன் சிநேகிதன் பிரபு பக்கத்தில் இருந்தால், மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்ப் படி. படித்த பிறகு உடனே உன் அப்பாவுக்குப் போன் போட்டுக் கேட்காதே. எல்லாவற்றையும் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் போனை எடுத்தால் போதும், அவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறார். இத்தனை வருஷமாக நீ கூப்பிட்டால் "சாப்புட்டயா" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எழுந்து போய்விடுகிற மனுஷன், இப்போது ஸ்பீக்கரில் போடு என்கிறார். எனக்கு முதல் சந்தேகம் அங்கேதான் வந்திருக்க வேண்டும். வரவில்லை. என்னை அஞ்சாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள் என்றாலும் என் எழுத்துக் கோணாது. உன் மகளே போன தடவை பார்த்துவிட்டு, "அப்பத்தா, எங்க மிஸ் எழுத்தாட்டவே இருக்குது" என்று சொன்னாள். அதனால் படிக்க முடியவில்லை என்று பாதியில் வைத்துவிடாதே.

நீ கோயமுத்தூரில் அந்தப் பம்பு கம்பெனி வேலையை விட்டுவிட்டு, பிரபுவோடு கூட்டுச் சேர்ந்து நம்மூர் அணையில் மீன் பிடிக்கும் குத்தகையை எடுக்கப் போகிறாய். கோயமுத்தூரிலிருந்தும் திருப்பூரிலிருந்தும் குடும்பத்தோடு காரில் வருவார்கள், கரையில் கூடாரம் போட்டு உட்காருவார்கள், தூண்டில் போட்டுப் பெரிய பெரிய மீனாகப் பிடித்து விளையாடுவார்கள், நீ அதைப் பார்த்துக்கொண்டு ஊரிலேயே இருப்பாய். வருகிற வாரம் கையெழுத்து. உன் பெண்டாட்டி ஒத்துக்கொண்டாள். உன் அப்பாவோ, கேட்கவே வேண்டாம், நடையே மாறிவிட்டது. நான் மட்டும்தான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். நீங்கள் எல்லாரும் சேர்ந்து என்னைக் கேலி செய்வது எனக்குத் தெரியும். "அம்மா பால்காரரையும் சந்தேகப்படும், பாலையும் சந்தேகப்படும், உட்டா மாட்டையும் சந்தேகப்படும்" என்று உன் பெண்டாட்டியிடம் நீ சொன்னது சமையலறை வரைக்கும் கேட்டது. உண்மைதான். மாட்டைச் சந்தேகப்படப் போய்த்தான் இந்த விஷயமே வெளியே வந்தது.

நீங்கள் எல்லாரும் வந்திருந்த அந்த ஞாயிற்றுக்கிழமையை நினைத்துப் பார். அணையின் தெற்குக் கரையில் யானைப்பாறைக்குப் பக்கத்தில் பாய் விரித்து உட்கார்ந்தோம். பிரபு பந்து மாதிரி ஒரு மிஷினைக் கயிற்றில் கட்டித் தண்ணீரில் போட்டான். அடியில் இருக்கிற மீன் எல்லாம் செல்போனில் படமாகத் தெரியும் என்றான். என்னிடமும் நீட்டினான். "பாருங்கம்மா, பச்சையா வளைஞ்சு வளைஞ்சு தெரியுதுங்கல்ல, அத்தனையும் மீனுங்க" என்றான். "உன்ற மிஷினை எங்கூட்டு அண்டாவுக்குள்ள உட்டாலும் இப்புடித்தான் காட்டுமாட்டிருக்குது" என்று சொன்னேன். அவன் சிரித்தான். சந்தேகப்பட்டுப் பேசினால் மனுஷனுக்குக் கோபம் வர வேண்டும், சிரிக்கிறவனை எப்படி நம்புவது என்று அப்போதே மனசில் குறித்துக்கொண்டேன்.

பிறகு நீ தூண்டிலைப் போட்டாய். போட்டு நிமிர்வதற்குள் கொத்தியது. ரோகு. அடுத்தது கட்லா, அதைத் தூக்க நீங்கள் இரண்டு பேரும் சேர வேண்டியிருந்தது. பிரபு போட்டாலும் கொத்தியது, உன் பெண்டாட்டி சும்மா விளையாட்டுக்குப் போட்டாள், அவளுக்கும் கொத்தியது. உன் மகள் மட்டும் பாறைமேல் குந்திக்கொண்டு தண்ணீரையே பார்த்திருந்துவிட்டு என்னிடம் கேட்டாள், "அப்பத்தா, எல்லா மீனுக்கும் இந்தப் பாறைகிட்டத்தான் ஊடா?" எல்லாரும் சிரித்தீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் பேத்தி என்பதற்காகச் சொல்லவில்லை, அன்றைக்கு அங்கே கேட்ட பேச்சிலேயே உருப்படியான பேச்சு அது ஒன்றுதான். உன் அப்பா வேலமரத்து நிழலில் உட்கார்ந்திருந்தார். அவர் மீனைப் பார்க்கவில்லை, தூண்டிலை இழுக்கிற உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நீ பிரபுவிடம் உன் பழைய பெருமையை ஆரம்பித்தாய், ஆறு வயதில் இதே பாறையில் உட்கார்ந்து உன் கை நீளத்துக்கு ஒரு சேல்கெண்டையைத் தனியாகப் பிடித்த கதையை. கோயமுத்தூரில் எத்தனை பேருக்கு அந்தக் கதையைச் சொல்லியிருப்பாயோ. அதைக் கேட்டதும் உன் அப்பா துண்டை உதறிக்கொண்டு எழுந்து மாட்டைப் பார்க்கப் போகிறேன் என்று கிளம்பிவிட்டார்.

நம் அணையைப் பற்றி நீ நினைப்பது ஒன்று, நான் பார்த்தது ஒன்று. முன்னெல்லாம் கன்றுக்குட்டி நீளத்துக்கு மீன் கிடந்தது என்று டீக்கடையில் சொல்கிறவர்களை நான் நம்புவதே இல்லை. கன்றுக்குட்டி நீளத்தில் எதுவும் என் சமையலறைக்கு வந்ததில்லை. நான் கல்யாணமாகி வந்த காலத்தில் விரால் வந்தது, கெளுத்தி வந்தது, கெண்டை வந்தது, ஆனால் மழை பெய்த வருஷத்துக்கு ஒரு மாதிரி, பெய்யாத வருஷத்துக்கு ஒரு மாதிரி. மலையிலிருந்து தண்ணீர் வருவது நின்றால் இந்த ஆறு ஒரு மாதத்தில் மணலாகிவிடும். சித்திரையில் அணையில் மதகடியில் மட்டும் குட்டை மாதிரி தேங்கும், உள்ள மீன் எல்லாம் அதற்குள் ஒதுங்கும், ஊரே கூடையை எடுத்துக்கொண்டு இறங்கி வழித்து எடுத்துவிடும். நானும் இறங்கியிருக்கிறேன். மழை வந்த பிறகு மீன்துறை ஆபீஸ்காரர்கள் வண்டியில் குஞ்சு கொண்டுவந்து விடுவார்கள். அது வளர்ந்து கைக்கு வருவதற்குள் மறுபடியும் சித்திரை வந்துவிடும். இப்போது கொஞ்ச வருஷமாக அந்த ஜிலேபி மீன்தான். உள்ளங்கை அகலத்துக்குமேல் வளராமல், குட்டி போட்டுக் குட்டி போட்டுத் தண்ணீரையே பிடித்துக்கொண்டது. இப்படிப்பட்ட அணையில் யானைப்பாறைக்குக் கீழே மட்டும் இவ்வளவு பெரிய ரோகுவும் கட்லாவும் வரிசையில் நின்று உன் தூண்டில் முள்ளில் வந்து மாட்டுகிறது என்றால், யாரால் சும்மா இருக்க முடியும்.

நீங்கள் பிடித்ததில் பாதியை என்னிடம் கொடுத்துவிட்டு மீதியைக் கோயமுத்தூருக்கு எடுத்துக்கொண்டு போனீர்கள். கார் போன பிறகு கிணற்றடியில் அரிவாள்மணையைப் போட்டு உட்கார்ந்தேன். முதல் ரோகுவைக் கீறினேன். குடல் பந்து மாதிரி உப்பியிருந்தது. பாசியும் சேறும் இருக்கும் என்று பார்த்தால், மஞ்சளாக மாவு மாதிரி வந்தது. முகர்ந்து பார்த்தேன். கடலைப் புண்ணாக்கு. அடுத்ததைக் கீறினேன், அதிலும் அதேதான். நீங்கள் தூண்டிலில் வைத்தது மைதா உருண்டை, பிரபு வாசனைத் தண்ணீர் தெளித்துப் பிசைந்ததை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். அப்படியானால் இந்தப் புண்ணாக்கு யார் போட்டது? அணையில் புண்ணாக்கு விளைகிறதா? பிரபுதான் என்று முடிவு கட்டினேன். பாறையடியில் தீனி போட்டுப் பழக்கி மீனைக் கூட்டிவைத்து, உன்னைக் கொண்டுவந்து காட்டி, கையெழுத்துப் போட வைக்கிறான். சந்தையில் மாடு விற்கிறவன் பால் கறக்காமல் மடியைக் கட்டிவைத்துக் காட்டுகிற மாதிரி. அன்றைக்குச் சாயங்காலமே உனக்குச் சொல்லியிருப்பேன். ஆனால் குடலில் புண்ணாக்கு இருந்தது என்று சொன்னால், "அம்மா இப்ப மீன் குடலையும் சந்தேகப்படுது" என்று நீ சிரிப்பாய். கையும் களவுமாகப் பிடித்துவிட்டுப் பேசலாம் என்று இருந்தேன்.

இதற்கு நடுவில் மாட்டு விஷயம். நம் செவலைக்குப் பால் குறைந்துகொண்டே வந்தது. வைக்கிற தீனியில் குறைச்சல் இல்லை, ஆனால் புண்ணாக்கு டிரம் சீக்கிரம் சீக்கிரம் அடி தெரிந்தது. முதலில் புண்ணாக்குக் கடைக்காரரைச் சந்தேகப்பட்டேன். எடை போடும்போது கூடவே நின்றேன், சரியாக இருந்தது. அப்புறம் பால்காரர். அப்புறம் மாடு, சினை பிடித்துவிட்டதோ, வயிற்றில் கோளாறோ என்று டாக்டரை வரச் சொன்னேன். அவர் பார்த்துவிட்டு, "மாடு நல்லாத்தான் இருக்குதுங்க, அதும் வாய்க்குத் தீனி போய்ச் சேருதான்னு பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். உன் அப்பாவிடம் கேட்டேன். "மாடு திங்காம நானா திங்கறேன்" என்று எரிந்து விழுந்தார். கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்லாமல் எரிந்து விழுகிற ஆளை நான் விடுவதில்லை. ஆனால் அன்றைக்கு என் புத்தி பிரபு பக்கமே போய்க்கொண்டிருந்தது. பிரபுவுக்கு உள்ளூரில் யாரோ கையாள் இருக்கிறான், அவன்தான் நம் மாட்டுக் கட்டுத்தரையிலிருந்து புண்ணாக்கைத் திருடிக்கொண்டு போய் அணையில் போடுகிறான் என்று கணக்குப் போட்டேன். அந்தக் கையாள் பரிசல்கார ராசுதான் என்றும் நானே முடிவு செய்துகொண்டேன். அணையில் பரிசல் ஓட்டி வலை போடுகிறவன் அவன் ஒருத்தன்தானே.

ராசுவைக் கரையில் பிடித்தேன். பரிசலைக் கவிழ்த்துத் தார் பூசிக்கொண்டிருந்தான். சுற்றி வளைக்காமல் கேட்டுவிட்டேன். அவன் தார்க்குச்சியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். "ஏனுங்க்கா, நான் புண்ணாக்குப் போட்டு மீனைக் கூட்டுற ஆளா இருந்தா, என்ற பொண்டாட்டி எதுக்குங்க தெனமும் ஜிலேபியை மட்டும் தூக்கிட்டு அந்தியூருக்கு அலையறா?" என்றான். அணை முழுக்க வலை போட்டால் ஜிலேபியும் எப்போதாவது ஒரு கெளுத்தியும்தான், போன மழைக்கு விட்ட குஞ்சில் தப்பித்த கொஞ்சம் பெரியது மட்டும் யானைப்பாறைக்குக் கீழே கூடி நிற்கிறது, ஒரு மாசமாகத்தான் இப்படி என்று சொன்னான். "அங்க ஆரோ தீனி போடறாங்கோ. எனக்குத் தெரியும். நான் சொல்ல மாட்டேன். சொன்னா நாளைக்கு உங்க மூஞ்சியில நான் முழிக்க முடியாதுங்க. உருமத்துல, உச்சி வெயிலுக்கு ஊரே படுத்துக் கெடக்கும்போது வந்து நீங்களே பாருங்க" என்றான். என் முகத்தில் முழிக்க முடியாது என்று ஏன் சொல்கிறான் என்று அதையும் சந்தேகப்பட்டுக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

மறுநாள் உச்சி வெயிலில், விறகு பொறுக்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் புறப்படலாம் என்று பார்த்தால், சொல்வதற்கு வீட்டில் ஆள் இல்லை. உன் அப்பா தென்னைக்குத் தண்ணீர் திருப்பப் போயிருப்பார் என்று நினைத்தேன். அணைக்குப் போய் வேலிக்கருவேலம் புதருக்குப் பின்னால் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் கரைமேல் ஒரு தலைப்பாகை தெரிந்தது. தோளில் சாக்கு. முழங்கால் வலி என்று நாட்டு மருந்தெண்ணெயை ஊரெல்லாம் நாறும்படி தேய்த்துக்கொள்கிற உன் அப்பாதான், அந்தச் சரிவில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இறங்குகிற மாதிரி பார்த்துப் பார்த்து இறங்கினார். பாறைக்கு அடியில் தண்ணீருக்குள் கிடந்த கயிற்றை இழுத்தார். பழைய சாக்கு ஒன்று மேலே வந்தது, கரைந்து காலியாக. அதை அவிழ்த்துவிட்டுப் புதுச் சாக்கில் கல்லைப் போட்டு, வாயைக் கட்டி, மெதுவாகத் தண்ணீரில் இறக்கினார். அந்த முடிச்சை நான் எங்கே பார்த்தாலும் அடையாளம் சொல்வேன், செவலையைத் தினமும் அவர் கட்டுகிற முடிச்சு.

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. "ஏனுங்க, செவலை இங்கயா வந்து தின்னுது?" என்று கேட்டேன். அவர் திடுக்கிடவில்லை. திரும்பிப் பார்த்துவிட்டுப் பாறைமேல் உட்கார்ந்தார். "நீ வந்துபோடுவீனு தெரியும் புள்ள. கையெழுத்து ஆகற வரைக்கும் வராம இருந்தயின்னா நல்லா இருந்திருக்கும்" என்றார். பிரபு இதில் கூட்டா என்று கேட்டேன். "அந்தப் பையனுக்கு ஒண்ணும் தெரியாது. அவன் மிஷினைப் போட்டான், மீனு தெரிஞ்சுது, நம்பிப்போட்டான்" என்றார். மாட்டு வாயிலிருந்து பிடுங்கி மீனுக்குப் போடுகிறீர்களே, நாளைக்குத் தண்ணீர் வற்றினால் பையன் என்ன செய்வான், வேலையும் போய் மீனும் போய் நடுத்தெருவில் நிற்பானே என்று சத்தம் போட்டேன். அவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னார், "வத்துனா வத்தட்டும். அதுக்குள்ள ஊட்டுக்கு வந்துபோடுவானல்ல." நானும் பாறைக்கு இறங்கினேன். வெயில் மண்டையைப் பிளந்தது. இரண்டு பேரும் பாறைமேல் உட்கார்ந்திருந்தோம். கீழே தண்ணீரில் குமிழி குமிழியாக வந்துகொண்டிருந்தது, மீன் தின்கிறது.

உனக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். நீ ஆறு வயதில் பிடித்த சேல்கெண்டை. அதற்கு முந்தின நாள் முழுக்க நீ தூண்டில் போட்டு ஒன்றும் கிடைக்காமல் அழுதுகொண்டே வந்து சோறு வேண்டாம் என்று படுத்துக்கொண்டாய். மறுநாள் உன் அப்பா உன்னைக் கூட்டிக்கொண்டு போனார், நீ அந்த மீனோடு வந்தாய். நான்தான் அதைக் கழுவினேன். அப்போதுதான் பிடித்த மீனுக்குச் செவுள் ரத்தச் சிவப்பாக இருக்கும். இதற்கு வெளுத்திருந்தது, கண்ணும் உள்ளே போயிருந்தது. விடிவதற்கு முன்னால் யாரோ வலையில் எடுத்த மீன். நீ வேறு பக்கம் பார்த்த நேரத்தில் உன் முள்ளில் மாட்டிவிட்டிருக்கிறார். நான் அவரிடமும் கேட்கவில்லை, உன்னிடமும் சொல்லவில்லை. இவ்வளவு வருஷம் நீ அந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் அவர் எழுந்து எங்காவது போய்விடுவதைப் பார்த்திருக்கிறேன். இப்போது ஏன் சொல்கிறேன் என்றால், உன் அப்பாவுக்கு உன்னிடம் எதையும் வாயால் கேட்கத் தெரியாது. 'வா' என்று ஒரு வார்த்தை சொல்வதற்குப் பதிலாக ஒரு சாக்குப் புண்ணாக்கை முழங்கால் வலியோடு சுமந்துகொண்டு போவார். நீ அழக் கூடாது என்றால் மீனை விலைக்கு வாங்கி உன் முள்ளில் மாட்டுவார். அவர் ஏமாற்றுக்காரர் இல்லை. ஆனால் உன்னை ஏமாற்றியிருக்கிறார், அதுவும் இரண்டாவது தடவையாக.

பிரபுவைப் பற்றி நான் தப்பாக நினைத்தேன், அதை ஒத்துக்கொள்கிறேன். அந்தச் சிரிப்பு மட்டும் எனக்கு இன்னும் பிடிக்கவில்லை. அவனையும் கூப்பிட்டு இதைச் சொல், அவனும் இதை நம்பித்தானே இறங்குகிறான், அவன் வீட்டிலும் ஒரு அம்மா இருப்பாள். கையெழுத்தை நிறுத்தி வை. மழை முடிந்து நிறைந்து கிடக்கிற அணையைப் பார்த்து யாரும் எதையும் முடிவு செய்யக் கூடாது, சித்திரையில் வந்து பார். அந்த மிஷினைப் பாறையடியில் போடாமல், ஆறு வந்து சேருகிற சேற்றுப் பக்கம் போடு, மதகுப் பக்கம் போடு, ராசுவின் பரிசலில் ஏறி நடுவில் போடு. இதற்கு முன்னால் குத்தகை எடுத்தவர் ஏன் விட்டுவிட்டுப் போனார் என்று அவரையே போய்க் கேள், பக்கத்தில் இருக்கிறவர்களைக் கேட்காதே. அதற்கெல்லாம் பிறகும் குஞ்சு விட்டு, வளர விட்டு, வற்றாமல் ஒரு மடுவை ஆழப்படுத்தி, பொறுமையாகச் செய்தால் ஆகும் என்று உனக்குத் தோன்றினால், செய். நான் குறுக்கே நிற்க மாட்டேன். ஜிலேபி பிடிக்கவும் குழந்தைகள் வரத்தான் செய்யும், உன் மகளுக்கு அதுவே பெரிய மீன். ஆனால் தானாக வந்து கொத்துகிறது என்று யார் எதைக் காட்டினாலும், அதற்குத் தீனி போடுகிறவர் யார் என்று முதலில் பார். காட்டுகிறவர் பெற்ற அப்பனாக இருந்தாலும் பார்.

ஊருக்கு வர வேண்டும் என்று உனக்கு ஆசை இருந்தால் வா. அதற்கு மீன் வேண்டியதில்லை. வர முடியாது என்றால் அதையும் அவர் முகத்தைப் பார்த்துச் சொல். அவர் எழுந்து மாட்டைப் பார்க்கப் போகிறேன் என்பார். பின்னாலேயே போ, விடாதே. கட்டுத்தரையில் நின்று பேசினால் அவருக்குக் கொஞ்சம் பேச்சு வரும். நான் காப்பி கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டு ரொம்ப நேரம் வராமல் இருப்பேன்.

அன்றைக்கே அந்தச் சாக்கைத் தண்ணீரிலிருந்து எடுத்துவிட்டோம். இனிமேல் போட மாட்டேன் என்று செவலை மேல் கை வைத்துச் சொன்னார். சாக்கைக் கட்டுத்தரை ஆணியில் மாட்டினேன். அவர் சொல்லை நம்பாமல் இல்லை, இருந்தாலும் தினமும் ஒரு தடவை தொட்டுப் பார்க்கிறேன். நேற்று வரைக்கும் மொடமொடவென்று காய்ந்து கிடந்தது. இதை எழுதி முடித்து, உறைக்குள் போடுவதற்கு முன்னால் இப்போதுதான் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். சாக்கு அதே ஆணியில்தான் தொங்குகிறது.

ஈரமாக இருக்கிறது. சீக்கிரம் வா, கண்ணு.

அம்மா